ஏர்சாஃப்ட் முதுகுவலி: வலிக்கும் இடத்தை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் போலித் துப்பாக்கிகளோடு அணிகளாக ஆடும் ஏர்சாஃப்ட், இங்கிலாந்தில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. காலையில் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக் காட்டுக்குள் அனுப்புவார்கள். மாலை நான்கு மணியளவில் முடியும். சாப்பாட்டு இடைவேளையைக் கழித்தால்கூட ஐந்தாறு மணி நேரம் உடம்பில் சுமை இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் கணினி முன்னால் கூனி உட்கார்ந்திருந்த முதுகின் மேல்தான் அதை ஏற்றுகிறோம்.

எங்கள் அணியில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். போன அக்டோபரில் ஆட்டம் முடிந்து, சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாரி பிடித்துவிட்டது என்று மட்டும் சொன்னார். கீழ் முதுகை அவர்கள் ஊரில் நாரி என்பார்கள். இருவராகச் சேர்ந்து அவரைக் காரில் உட்காரவைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. இந்த வலி பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது என்பது எனக்குத் தெரியும். அவரிடம் அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். இரண்டு ஆண்டுகள் இதே வலியோடு ஆடி, ஒரு பிசியோதெரபிஸ்டின் உதவியால் அதிலிருந்து வெளியே வந்தவன். அவர் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம், வலிக்கும் இடத்தைக் கேட்டால் எந்தச் சுமை தவறான இடத்தில் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும் என்பது. ஆகவே கீழே உள்ளவற்றில் உங்கள் வலி எதுவோ அதை மட்டும் படித்தால்கூடப் போதும். ஆனால் எடை பார்க்கும் பகுதியை எல்லோரும் படிக்க வேண்டும்.

எதற்கும் முன்னால்: எடை பாருங்கள்

குளியலறைத் தராசு போதும். வெறும் உடம்போடு ஒரு முறை, எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு ஒரு முறை ஏறி நில்லுங்கள். துப்பாக்கியைத் தனியாக நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் வைத்து எழுதுங்கள்.

என் கணக்கு இப்படி இருந்தது. மார்பிலும் முதுகிலும் தகடுகளைச் செருகி அணியும் அங்கியான பிளேட் கேரியர் 1.8 கிலோ. அதற்குள் இரண்டு இரும்புத் தகடுகள் 4.6 கிலோ. மூன்று லிட்டர் தண்ணீர்ப் பை 3 கிலோ. வாயுவில் இயங்கும், குண்டுகளை நிரப்பித் துப்பாக்கியில் செருகும் உலோக மேகசின்கள் ஏழு, ஒவ்வொன்றும் 470 கிராம், ஆக 3.3 கிலோ. கைத்துப்பாக்கி தொங்கும் பெல்ட் 1.9 கிலோ. ஹெல்மெட் 0.9. மொத்தம் 15.5 கிலோ. கையில் இருந்த துப்பாக்கி 3.4 கிலோ, அது தனி.

இந்த விளையாட்டில் நம் மேல் வந்து படுவது 6 மில்லிமீட்டர் விட்டமும் கால் கிராம் எடையும் கொண்ட பிளாஸ்டிக் குண்டு. ஒரு கிலோப் பையில் நாலாயிரம் குண்டுகள் இருக்கும். அதைத் தாங்க ஒரு தடித்த சட்டை போதும். கட்டாயமாகக் காக்க வேண்டியவை கண்களும் பற்களும்தான். ஆகவே நெஞ்சில் தொங்கும் இரும்புத் தகடு காப்புக்காக அல்ல, தோற்றத்துக்காக. அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன், எனக்கும் உண்டு. அதே வடிவில் நுரைத் தகடுகள் கிடைக்கின்றன, சில நூறு கிராம்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் முதுகுக்குத் தெரியும்.

இரும்புத் தகடுகளை எடுத்தேன். தண்ணீரை ஒரு லிட்டராக்கி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடுவில் போய் நிரப்பிக்கொண்டேன். மேகசின்களை நான்காகக் குறைத்தேன். 15.5 கிலோ 7.5 ஆயிற்று. ஒரு பைசா செலவில்லை. புதிதாக எதையாவது வாங்கித்தான் முதுகுவலியைத் தீர்க்க வேண்டும் என்று யார் சொன்னாலும், முதலில் இதைச் செய்துவிட்டு அவர்களிடம் பேசுங்கள்.

அறிகுறி: தோள்மேடு எரிகிறது, கழுத்து இறுகிக்கிடக்கிறது

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தசை கல்லாகிவிடும். தலையைத் திருப்பினால் இழுக்கும். பிளேட் கேரியரின் முழு எடையும் இரண்டு தோள்பட்டிகளில் தொங்குகிறது என்று பொருள்.

முதலில் உயரத்தைப் பாருங்கள். காறை எலும்புகள் இரண்டின் உள்முனைகளுக்கும் நடுவில் தொண்டைக்குக் கீழே ஒரு குழி இருக்கிறது. விரலை வைத்துப் பாருங்கள். முன் தகட்டின் மேல் விளிம்பு அந்தக் குழிக்கு நேராக இருக்க வேண்டும். புதிதாக வருபவர்களில் பெரும்பாலானோர் அதைத் தொப்புள்வரை தொங்கவிடுகிறார்கள். அப்போது நடக்கும்போதெல்லாம் அது ஆடும். ஒவ்வோர் அசைவையும் தோள்தசை பிடித்து நிறுத்தும்.

அடுத்தது இடுப்பைச் சுற்றிவரும் பக்கப்பட்டி. பலரும் அதைப் பெயருக்கு ஒட்டிவைக்கிறார்கள். மூச்சை வெளியே விட்டு, இரு தோள்களையும் காதை நோக்கி உயர்த்தி, அந்த நிலையில் பக்கப்பட்டியை இறுக்கி ஒட்டுங்கள். பிறகு தோள்களைக் கீழே விடுங்கள். எடையில் ஒரு பகுதி விலாவுக்கு இறங்கிவிட்டதை அந்த நொடியே உணர்வீர்கள். நன்றாக மூச்சு இழுக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் சற்றுத் தளர்த்த வேண்டும்.

தோள் சரியாகி, கழுத்து மட்டும் வலித்தால் காரணம் வேறு. முகத்தை மூடும் வலைக்கவசம் போட்டிருப்பவர்களால் கன்னத்தைத் துப்பாக்கியில் சரியாக ஒட்ட முடிவதில்லை. குறிபார்க்கும் கருவி தாழ்வாக இருந்தால் நாள் முழுவதும் கழுத்தை மடக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தே பார்க்க வேண்டியிருக்கும். அந்தக் கருவிக்கு அடியில் உயரமான தாங்கி ஒன்றைப் பொருத்தினால் தலை நிமிரும். ஹெல்மெட்டின் முன்பக்கம் விளக்கும் கேமராவும் மாட்டியிருந்தால், பகல் ஆட்டத்துக்கு விளக்கு எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே குடைச்சல்

கையால் எட்டித் தேய்க்க முடியாத இடம். துப்பாக்கியை ஏந்தியபடியே நிற்பதால் வருவது இது. பிளேட் கேரியர் இல்லாமல் மேகசின் பைகள் கொண்ட மெல்லிய மார்புப்பட்டியான செஸ்ட் ரிக் மட்டும் அணிபவர்களுக்கும் வரும்.

துப்பாக்கியின் எடைமையம் முதுகுத்தண்டிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முன்னால் சரியவிடாமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் முதுகுத்தசைக்கோ தண்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரம்தான் கிடைக்கிறது. தராசுக்கோலின் கணக்குத்தான்: எட்டு மடங்கு இழுக்க வேண்டும். 3.4 கிலோத் துப்பாக்கிக்கு 27 கிலோ. அதே துப்பாக்கியை 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 20 கிலோ. துப்பாக்கி மாறவில்லை, தூரம் மட்டும்தான் குறைந்தது.

தூரத்தைக் குறைக்க எளிய வழி, ஸ்டாக் எனப்படும் பின்கட்டையை ஒன்றிரண்டு படி உள்ளே தள்ளுவது. எம்4 வகைத் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் இதற்குப் படிகள் உண்டு. பிளேட் கேரியரின் தடிமனே பின்கட்டையை உடம்பிலிருந்து தள்ளி நிறுத்துகிறது என்பதால், அதை அணிபவர்கள் சட்டையோடு ஆடும்போது வைத்திருந்த நீளத்தை மாற்றியே ஆக வேண்டும்.

துப்பாக்கியைத் தோளில் தொங்கவிடும் வாரான ஸ்லிங் ஒற்றை முனையில் தொங்குவதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அது முழு எடையையும் ஒரே தோளில் போட்டு, கையை எடுத்தவுடன் முழங்காலில் இடிக்கும். இரு முனை ஸ்லிங், தோளில் அகலமான மெத்தைப் பட்டி, துப்பாக்கி நெஞ்சோடு ஒட்டித் தொங்கும் அளவுக்கு இறுக்கம். இவை போதும். குண்டு பட்டு வெளியேறியவர்கள் மீண்டும் ஆட்டத்தில் சேரும் மறுபிறப்பு இடத்தில் காத்திருக்கும்போது கைகளைக் கீழே விடுங்கள், தோள்களைப் பின்னால் சுழற்றுங்கள். அங்கேயும் சிப்பாய்போல ஏந்திக்கொண்டு நிற்க வேண்டிய தேவை இல்லை.

அறிகுறி: கீழ் முதுகு, அதாவது குறுக்கு

அதிகம் பேர் சொல்லும் வலி இதுதான். ஆனால் இதற்குள்ளேயே மூன்று வேறு வலிகள் இருக்கின்றன. எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்தால்தான் பிரிக்க முடியும்.

மதியத்துக்கு மேல் மெல்ல மெல்ல ஏறும் மந்தமான வலியென்றால், சுமை முன்பக்கம் குவிந்திருக்கிறது. என் ஏழு மேகசின்களும் நெஞ்சின் மேல் இரண்டு அடுக்காக இருந்தன. தண்டிலிருந்து 25 சென்டிமீட்டர் முன்னால் 3.3 கிலோ, முதுகுத்தசைக்கு அது 16 கிலோவுக்கு மேல். முன்னால் இழுக்கும் எடையைச் சமன்செய்ய இடுப்பைப் பின்னால் வளைத்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்போம். கர்ப்பிணிப் பெண்கள் நிற்பதைப்போல. அவர்களுக்குக் குறுக்கு வலிப்பதற்கும் இது ஒரு காரணம். தீர்வு: நெஞ்சில் ஒரே அடுக்கு, அதில் இரண்டு மேகசின். மற்றவற்றைப் பெல்ட்டுக்கு இறக்குங்கள். பெல்ட் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். அப்போதுதான் எடை முதுகுத்தண்டைத் தொடாமல் நேராகக் கால்களுக்குப் போகும். பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய பிஎல்சிஇ வார்க்கச்சை இங்கே உபரிப்பொருள் கடைகளில் கிடைக்கிறது. அதன் பைகள் எல்லாம் இடுப்பைச் சுற்றி இருப்பதற்கும் மேலே ஒரு தோள்வார் மட்டும் இருப்பதற்கும் காரணம் இதுதான். பார்க்கப் பழையதாக இருக்கும், முதுகுக்கு நல்லது.

பின்னால் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டு முன்னெடையைச் சமன்செய்யலாம் என்பார்கள். நிற்கும் நிலை கொஞ்சம் நேராகும் என்பது உண்மை. ஆனால் முன்னால் மூன்று கிலோ, பின்னால் மூன்று கிலோ என்றால் உடம்பு சுமக்கும் மொத்த எடை ஆறு கிலோ. சமன்செய்வதைவிடக் குறைப்பதே மேல் என்பது என் தீர்மானம்.

குனியும்போதோ எழும்போதோ சுரீரென்று பிடிக்கும் வலி இரண்டாவது வகை. நண்பருக்கு வந்தது அது. தாழ்வான மரக்கிளைக்கு அடியில் நுழையும்போதும், மறைவுக்குப் பின்னால் ஒளியும்போதும், சுமையோடு இடுப்பில் மடிகிறோம். அப்படி மடியக் கூடாது. ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி உட்காருங்கள். எழும்போது துப்பாக்கியை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முன்னால் இருக்கும் காலை அழுத்தி எழுந்திருங்கள். முழங்கால் காப்பு இல்லாதவர்கள் கல்லுக்குப் பயந்து முழங்காலை ஊன்றாமல் முதுகை வளைக்கிறார்கள். ஆகவே முதுகுவலிக்காக ஏதேனும் ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்றால், முழங்கால் காப்பை வாங்குங்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நாள் முழுவதும் ஓடியபோது வராத பிடிப்பு, இடைவேளையில் அரை மணி நேரம் கூனி உட்கார்ந்துவிட்டு, தரையில் கிடந்த குண்டுப் பாட்டிலை எடுக்கக் குனியும்போது வரும். உடம்பு ஆறியிருக்கும், தசை தூங்கியிருக்கும். பொருள்களைத் தரையில் பரப்பாமல் மேசையின் மேல் வையுங்கள். இடைவேளையில் சுமையை முழுவதும் கழற்றிவிட்டு நடந்துகொண்டே சாப்பிட்டாலும் தவறில்லை. பூட்ஸைக் கழற்ற நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி மற்றத் தொடையின் மேல் வையுங்கள்.

மூன்றாவது, மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழ முடியாத விறைப்பு. இதில் பாதிப் பங்கு வீடு திரும்பும் பயணத்துக்கு உண்டு. வியர்த்த உடம்போடு காரில் ஏறி ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் வேறென்ன ஆகும்? கிளம்புமுன் சுமையில்லாமல் பத்து நிமிடம் நடங்கள், ஈரச் சட்டையை மாற்றுங்கள், வழியில் ஒரு முறை நிறுத்தி இறங்குங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும்

கைத்துப்பாக்கி, காலி மேகசின் பை, ரேடியோ எல்லாம் வலப்பக்கமே இருக்கிறதா என்று பாருங்கள். கைத்துப்பாக்கி உறையான ஹோல்ஸ்டர் தொடையில் தொங்குகிறதென்றால், ஒவ்வோர் எட்டுக்கும் அந்தக் கால் ஒரு கிலோவைக் கூடுதலாகத் தூக்குகிறது. ஹோல்ஸ்டரை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, ரேடியோவை மறுபக்கம் மாற்றுங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்துக்கொண்டு காரோட்டுபவர்கள் அதையும் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: கை மரத்துப்போகிறது

விரல்களில் ஊசி குத்துவதுபோல இருக்கும், அல்லது கையைத் தலைக்கு மேல் தூக்கப் பலம் இல்லாமல் போகும். கைக்குப் போகும் நரம்புக் கற்றை காறை எலும்புக்கு அடியில் செல்கிறது. குறுகலான தோள்பட்டி அதை அழுத்துகிறது. கனமான முதுகுப்பை சுமக்கும் சிப்பாய்களுக்கு இது வருவதுண்டு என்பதால் ரக்சாக் பால்சி என்றே பெயர். இதைப் பொறுத்துக்கொண்டு ஆடாதீர்கள். உடனே கழற்றிவிடுங்கள். சில நிமிடங்களில் உணர்வு திரும்பினால், அகலமான மெத்தைப் பட்டிக்கு மாறி, எடையையும் குறைத்த பிறகே மீண்டும் அணியுங்கள். பலவீனம் மறுநாளும் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

அறிகுறி: தொடையின் வெளிப்பக்கம் எரிகிறது, தொட்டால் உணர்வில்லை

பலர் இதை முதுகு வட்டு நழுவிவிட்டது என்று எண்ணிப் பயப்படுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் பெல்ட்டில்தான். தொடையின் வெளித்தோலுக்கு உணர்வு தரும் நரம்பு ஒன்று, இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் வெளியே வருகிறது. இறுக்கமான கனத்த பெல்ட் அதை அங்கே நசுக்குகிறது. மருத்துவத்தில் மெரால்ஜியா பாரஸ்தெடிகா என்பார்கள். கருவிகள் தொங்கும் பெல்ட் அணியும் காவலர்களுக்கும் வரும். இது தோலின் உணர்வை மட்டுமே பாதிக்கும். காலின் பலம் குறையாது. அடையாளம் காண இதுவே வழி. பெல்ட்டை ஒரு துளை தளர்த்துங்கள், முன்னெலும்பின் மேல் பை எதுவும் வராதபடி நகர்த்துங்கள். தளர்த்தினால் பெல்ட் நழுவுகிறதென்றால் தோள்வார் சேர்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: வலி புட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே இறங்குகிறது

இருமினாலும் தும்மினாலும் காலில் மின்சாரம் பாய்வதுபோல இருந்தால், நரம்பு வேர் அழுத்தப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். இதைச் சுமையை மாற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பாதத்தை மேலே தூக்க முடியாமல் நடக்கும்போது தரையில் தட்டினால் அன்றைக்கே பாருங்கள்.

இவை இருந்தால் காத்திருக்கவே கூடாது

சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, அல்லது சிறுநீர் வராமல் நின்றுபோவது. பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வற்றுப்போவது. இரண்டு கால்களும் பலமிழப்பது. தண்டுவடத்தின் கீழ்முனையிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள் இவை. சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தர ஊனத்தில் முடியலாம். இங்கிலாந்தில் 999-ஐ அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உயரத்திலிருந்து விழுந்த பின் வந்த கடும் வலியையும், காய்ச்சலோடு வரும் முதுகுவலியையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

வலி வந்துவிட்டது, இனி என்ன?

படுத்தே கிடப்பது பழைய மருத்துவம். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வழக்கமான வேலைகளை இயன்றவரை தொடரச் சொல்கிறது, உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. கீழ் முதுகுவலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுக்க வேண்டாம் என்றும், எல்லோருக்கும் வழக்கமாக ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை என்றும் சொல்கிறது. ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரை சிலருக்கு உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். தைலம் தேய்த்தாலும் தவறில்லை, ஆனால் தேய்த்துவிட்டு மேலே சூடான பையை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். இங்கிலாந்தின் பல பகுதிகளில் குடும்ப மருத்துவரின் கடிதம் இல்லாமலேயே பிசியோதெரபிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

வலி தணிந்த பிறகு முதுகைப் பலப்படுத்த, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலப்படுத்திய மூன்று பயிற்சிகளைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். ஒன்று, மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி, குறுக்கின் வளைவுக்கடியில் கைகளை வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து சற்றே உயர்த்துவது. இன்னொன்று, ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி இடுப்பைத் தூக்குவது. தொடக்கத்தில் முழங்கால்களை மடக்கிச் செய்யலாம். மூன்றாவது, குழந்தை தவழும் நிலையில் வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் நீட்டி, பிறகு மாற்றிச் செய்வது. பிசியோதெரபிஸ்ட் என் இடுப்பின் மேல் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துவிட்டு, சிந்தாமல் செய்யச் சொன்னார். முதல் நாள் இடக்காலைத் தூக்கியவுடனே சிந்தியது. என் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் பத்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். எண்ணிக்கையைக் கூட்டுங்கள், நேரத்தை அல்ல.

மீண்டும் களத்துக்குப் போகும் முதல் நாள், பெல்ட்டும் மூன்று மேகசின்களும் மட்டும். பிளேட் கேரியர் வீட்டிலேயே இருக்கட்டும். மதியத்தோடு கிளம்பிவிடுங்கள். மறுநாள் காலை எழும்போது முதுகு எப்படி இருக்கிறது என்று எழுதிவையுங்கள். வலி இல்லையென்றால் அடுத்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு பொருளைச் சேர்க்கலாம், இரண்டைச் சேர்க்காதீர்கள். வலி திரும்பினால், கடைசியாகச் சேர்த்த அந்த ஒன்றைக் கழற்றி, தராசில் வைத்து, அதை உடம்பின் எந்த இடத்தில் மாட்டியிருந்தீர்கள் என்று பாருங்கள்.